தொடர்மாடி வீட்டிலிருந்து பண்ணைவீட்டுப் பேயைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், ஹரிஸ்வில் என்னும் சிற்றூரை அடுத்த பழைய பண்ணைவீடு ஒன்றில், 1971ஆம் ஆண்டில் ஒரு கணவனும் மனைவியும் தம் ஐந்து பெண்பிள்ளைகளோடு குடியேறுகிறார்கள். அதன் பின் அவர்களுக்கு நேர்வதைச் சொல்லும் படம், ஜேம்ஸ் வான் இயக்கி 2013 யூலையில் வெளிவந்த 'த கொன்ஜரிங்'. இதை இப்போது முதன்முறையாகப் பார்க்க விரும்பும் கொழும்பு வாசகர், பெரும்பாலும் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீட்டின் கூடத்தில் இருந்துதான் பார்க்கப்போகிறார். அந்தக் கூடத்தை எப்படி ஆயத்தப்படுத்துவது, யாரைக் கூட இருத்துவது, எதைக் கவனிப்பது என்பவற்றுக்கே இந்த வழிகாட்டி. முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் முற்பாதியின் சில காட்சிகளைத் தொடாமல் வழிகாட்ட இயலாது என்பதால், ஒன்றும் அறியாமலே பார்க்க விரும்புவோர் முதல் இரு பகுதிகளை மட்டும் படித்துவிட்டு மீதியைப் பின்னர் படிக்கலாம்.

காதுக்கான ஆயத்தம்

இந்தப் படத்தில் அச்சம் காதுவழியாகவே வருகிறது. இரத்தம் மிகக் குறைவு. பேயின் முகம் நெடுநேரம் தென்படுவதில்லை. ஒரு கதவின் கிறீச்சொலி, மாடிப்படியில் ஒரு காலடி, எங்கிருந்தோ இரண்டு கைதட்டல்கள் ஆகியவற்றைக் கொண்டே முதல் ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி நகர்கிறது. ஆகவே புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கலாமா என்று எண்ணுவதற்கு முன், கூடத்தில் என்ன என்ன ஒலிகள் இருக்கின்றன என்று ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் அந்தப் பட்டியல் நீளமானது. கடற்கரையோரப் புகையிரதம், மரைன் டிரைவில் விரையும் மோட்டார்ச் சைக்கிள்கள், காலி வீதிப் பக்கமானால் கொத்துக் கடையின் தகட்டொலி, மேல்மாடியில் யாரோ கதிரையை இழுக்கும் ஓசை. இவற்றுள் பலவற்றை யன்னலைச் சாத்திக் குறைக்கலாம். யன்னலைச் சாத்தியதும் வெக்கை ஏறும். வெக்கை ஏறியதும் யாராவது எழுந்து கூரை விசிறியை முழு வேகத்தில் போடுவார். அந்த விசிறியின் இரைச்சல்தான் இந்தப் படத்தின் முதற்பகை. தாழ்ந்த குரலில் வரும் முனகலையும் மரப்பலகையின் மெல்லிய ஒலியையும் அது முழுவதுமாக விழுங்கிவிடும். குளிரூட்டி உள்ள வீடாயின், படம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன் கூடத்தை நன்றாகக் குளிரச் செய்து, பின்னர் அதை மிகக் குறைந்த வேகத்தில் விட்டுவிடுவது நல்லது. குளிரூட்டி இல்லையெனில் நிலைவிசிறி ஒன்றைப் பார்ப்போருக்குப் பின்னால், தொலைவில் வைத்து மெதுவாக ஓடவிடலாம்.

இரவு எட்டரை மணியளவில், உணவு முடிந்த பிறகு தொடங்குவதே வசதி. படம் 112 நிமிடம் ஓடும். பத்தரை மணிக்கு முன் முடிந்துவிடும், விருந்தினர் முச்சக்கர வண்டி பிடித்துப் போவதற்கும் நேரம் இருக்கும். மழையிரவு பேய்ப்படத்துக்குப் பொருத்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் பின்னேரத்தில் இடி முழங்கிப் பெய்யும் மழை, படத்தின் மௌனங்களையெல்லாம் கெடுத்துவிடுவதோடு மின்சாரத்தையும் துண்டிக்கக்கூடும் என்பதால், என் தேர்வு மழையில்லாத, காற்றில்லாத, சலிப்பூட்டும் ஓர் இரவே.

இனி ஒலிபெருக்கி. தட்டைத் தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்பட்டவை. உரையாடலுக்கு அவை போதும், இந்தப் படத்துக்குப் போதா. சவுண்ட்பார் இருந்தால் அதை எச்டிஎம்ஐ அல்லது ஒப்டிக்கல் கம்பியால் இணையுங்கள். புளூடூத் வழியாக இணைத்தால் ஒலி சற்றுப் பிந்தி வரக்கூடும். பாட்டுக் கேட்பதற்கு அது பெரிய குறையன்று. ஆனால் கைகள் தட்டுவதைக் கண் கண்ட பிறகு தட்டொலி வந்தால், இந்தப் படத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்று நகைச்சுவையாகிவிடும். பெட்டியின் ஒலி அமைப்பில் இரவு நிலை, தானியங்கி ஒலி அளவு என்பன போன்ற தெரிவுகள் இருந்தால் அவற்றை நிறுத்திவிடுங்கள். அவை மெல்லிய ஒலியை உயர்த்தி, பெரிய ஒலியைத் தாழ்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருபவை. இப்படமோ அந்த மட்ட வேறுபாட்டையே மூலதனமாகக் கொண்டது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதென்றால் மட்டும் இரவு நிலைக்கு இணங்கிப் போகலாம், அல்லது ஒருவரோ இருவரோ பார்க்கும்போது காதை மூடும் ஹெட்போனை அணியலாம். தனியே ஹெட்போனுடன் பார்ப்பது கூடத்தில் கூட்டமாகப் பார்ப்பதைவிடக் கடுமையானது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

கண்ணுக்கான ஆயத்தம்

இது சுருக்கமானது. படத்தின் பெரும்பகுதி இருளில் நடக்கிறது. ஆகவே தொலைக்காட்சியில் 'விவிட்' என்றோ 'டைனமிக்' என்றோ இருக்கும் நிலையை மாற்றி, 'சினிமா' அல்லது 'மூவி' நிலைக்குக் கொண்டுவாருங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் நிறுத்துங்கள். அது இருந்தால் எந்தப் படமும் தொலைக்காட்சித் தொடர் போலத் தோன்றும். அறை விளக்குகளை அணைப்பதோடு, யன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை இடுவதும் அவசியம். போயா விடுமுறை இரவில் நண்பர்களை அழைப்பவர்கள், முழுநிலவின் வெளிச்சம் நேரே தொலைக்காட்சிக் கண்ணாடியில் விழும் வீடுகள் பல உண்டு என்பதை நினைவிற் கொள்ளுக.

இணையத்தில் நேரடியாக ஓடவிடும்போது, மாலை நேரத்து நெரிசலால் படத்தின் தரம் இறங்கினால், முதலிற் பாதிக்கப்படுவது இருட்டுத்தான்: கரிய நிறம் கட்டம் கட்டமாக உடைந்து, இருளுக்குள் நிற்பது மனித உருவமா, படக்கோளாறா என்று தெரியாமற் போகும். சந்தா செலுத்தும் தளம் அனுமதித்தால் பகலிலேயே உயர்ந்த தரத்தில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. அகலத்திரைப் படமாதலால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தெரியும். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கட்டாயம் "படத்தைப் பெரிதாக்கு" என்பார். பெரிதாக்கினால் இரு ஓரங்களும் வெட்டுப்பட்டுப் போகும்; இப்படத்தில் நிகழ வேண்டியவை பல அந்த ஓரங்களிலேயே நிகழ்கின்றன.

யாரை அழைப்பது, யாரை அழைக்காமல் விடுவது

அமெரிக்கத் தணிக்கைத் தரப்பாட்டில் இப்படம் 'ஆர்' வகையைச் சேர்ந்தது. அதாவது பதினேழு வயதுக்குட்பட்டோர் பெற்றோரோ வளர்ந்தோரோ உடனிருந்தாலன்றி அங்குத் திரையரங்கில் பார்க்க முடியாது. நிர்வாணமோ கொச்சை வசைகளின் பெருக்கோ இல்லாத இப்படத்துக்கு அத்தரம் கிடைத்தது, மனத்தைக் குலைக்கும் வன்முறையும் அச்சமும் கொண்ட காட்சிகளுக்காகவே. பத்து வயதுப் பிள்ளை "எனக்குப் பயமில்லை" என்று சொல்வதை நம்பி இருத்திவிட்டு, அடுத்த சில வாரங்கள் அந்தப் பிள்ளையைக் கழிவறை வரை கூட்டிச் செல்வதற்கு ஆயத்தமாக இருப்பவர்கள் மட்டும் இவ்விடயத்தில் தாராளம் காட்டலாம்.

தாய் ஒருத்தியால் அவளது பிள்ளைக்கே ஆபத்து வருவது கதையின் மையத்தில் இருக்கிறது. அண்மையில் மகப்பேறு அடைந்தவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுவது முறை. மகப்பேற்று வீட்டைச் சுற்றும் எனப்படும் கொத்திப் பேய் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த அம்மம்மாமார் இதனைக் கேட்டதும் நம்மைவிட விரைவில் விளங்கிக்கொள்வார்கள். தூக்கில் தொங்கும் உருவமும், குடும்பத்தின் நாய்க்கு நேரும் கதியும் சிலரை வருத்தும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த வீட்டில் பேய்ப்படம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால், வாதாடாமல் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் பிந்துவதால் பேய் கோபிக்காது.

இவற்றைவிடப் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. இருட்டில், நிலத்துக்குக் கீழே, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஓர் ஓசைக்காகக் காத்திருப்பது, யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ பதுங்குகுழிக்குள் இருந்து வந்த ஒருவருக்குக் கற்பனையன்று. நெடிய மௌனத்துக்குப் பிறகு திடீரென வெடிக்கும் ஒலி அவருடைய உடலில் எழுப்புவதை, நாம் 'திடுக்கிட வைக்கும் காட்சி' என்று ரசிக்கும் அனுபவத்தோடு ஒப்பிட முடியாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரைக் கட்டாயப்படுத்தி இருத்தவும் வேண்டாம், அவர் அடுத்த அறையில் உறங்கும்போது ஒலியைக் கூட்டவும் வேண்டாம். அவர் வெளியே போயிருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதே சரி.

எதைக் கவனிப்பது

குடும்பம் வீட்டுக்குள் சாமான் இறக்கும் தொடக்கக் காட்சியில் கமெரா அவர்களோடு சேர்ந்து உள்ளே நுழைந்து, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நெடுநேரம் வெட்டின்றி அலைகிறது. முதன்முறை பார்ப்போர் இந்த இடத்தில்தான் நொறுக்குத்தீனி எடுக்கக் குசினிக்குப் போவார்கள், போகவிடாதீர்கள். மாடிப்படி எங்கே, பிள்ளைகளின் படுக்கையறைகள் எங்கே, குசினியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினால் எது வரும் என்னும் வரைபடத்தை இயக்குநர் நமக்குத் தருவது இங்கேதான். பின்னர் இருளில் ஒரு கதவு திறக்கும் ஒலி கேட்கும்போது, அது எந்தக் கதவு என்று நமக்குத் தெரிந்திருப்பதனாலேயே அச்சம் இரட்டிக்கிறது.

வீட்டின் அடியில் உள்ள நிலவறையைப் பற்றி ஒரு சொல். கொழும்பு வீடுகளில் அப்படியொன்று இல்லாததால், இளையவர்கள் அதை ஏதோ இரகசிய மண்டபம் என்று கருதக்கூடும். அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் அது சாதாரணம். வீட்டை வெப்பமூட்டும் உலையும் பழைய சாமான்களும் அங்கேதான் இருக்கும். சாதாரணமான அந்த இடத்தின் வாயிலைப் பலகையடித்து மறைத்திருந்தார்கள் என்பதுதான் இக்கதையில் கவலைக்குரியது.

பிள்ளைகள் விளையாடும் விளையாட்டின் விதியையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். நம்முடைய ஒளித்துப் பிடித்துதான். ஆனால் தேடுபவரின் கண் கட்டப்பட்டிருக்கும், ஒளிந்திருப்பவர்களைக் கைதட்டுமாறு அவர் மூன்று முறை கேட்கலாம். தாய் கரொலினாக நடிக்கும் லிலி டெய்லர் கண்ணைக் கட்டிக்கொண்டு அறை அறையாகத் தேடும்போது, கைதட்டல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவரைப் போலவே நீங்களும் காதால் தேடிப் பாருங்கள். அந்த அறையில் ஓர் அலுமாரி இருக்கிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

என் மதிப்பீட்டில் படத்தின் உச்சம், பேயே தோன்றாத ஒரு காட்சி. நள்ளிரவில் கிறிஸ்டீன் என்னும் மகள் காலைப் பிடித்து யாரோ இழுத்ததாக விழித்து, கட்டிலுக்கு அடியிற் பார்க்கிறாள். பின்னர் அறைக்கதவின் பின்னே உள்ள இருட்டை நோக்கி விறைத்துப்போய், அங்கே ஒருவர் நிற்பதாக அக்காளிடம் சொல்கிறாள். அக்காள் எழுந்து அந்தக் கதவடிக்கே போய் நிற்கிறாள். திரையில் கறுப்பு மட்டும் இருக்கிறது. நாம் அந்தக் கறுப்பை உற்றுப் பார்க்கிறோம். ஏதோ இருக்கிறது போலவும் தோன்றுகிறது, இல்லை போலவும் தோன்றுகிறது. கமெரா அங்கே நிற்க, நடிப்பை முழுவதும் அச்சிறுமியின் முகம் தாங்குகிறது. மேலே சொன்ன படத்தரம், வெளிச்சம், திரைச்சீலை எல்லாம் இந்த ஒரே காட்சிக்காகச் செய்யத் தகுந்தவை.

இவ்வளவு நுணுக்கமான முற்பாதிக்குப் பிறகு, பிற்பாதியில் பேயோட்டும் சடங்கும் பறக்கும் கதிரையும் பலத்த கூச்சலும் வரும்போது, படம் தன் கையிருப்பை எல்லாம் ஒரே நேரத்தில் செலவழித்துவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் கூட்டமாகப் பார்ப்போருக்கு அந்தப் பகுதியே பிடிக்கும். இசையமைத்த ஜோசப் பிஷாரா அந்தப் பேயின் வேடத்திலும் நடித்திருக்கிறார் என்று இடையில் சொல்லிவைத்தால், மிகவும் பயந்தவர்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை?

படம் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் கூடத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பது நிச்சயம். மாமி ஒருவர் இருந்தால் அவர்தான் கேட்பார். மறுமொழியைத் தயாராக வைத்திருங்கள், ஏனெனில் இக்கதையை மற்றப் பேய்க்கதைகளிலிருந்து பிரிப்பது அந்த மறுமொழிதான்.

தந்தை றொஜர் பாரஊர்தி ஓட்டுநர். நீண்ட தூரப் பயணங்களுக்குப் போய்ப் பணம் தேடுபவர். கையிலிருந்த பணமெல்லாம் அந்த வீட்டில் முடங்கியிருக்கிறது. ஏழு பேர் கொண்ட குடும்பத்தை யார் ஏற்று இடம் கொடுப்பார் என்று அவரே கேட்கிறார். ஊர்க்காணியை விற்று, வெளிநாட்டிலுள்ள தம்பியிடம் கடன்பட்டு, வங்கியிலும் ஈடு வைத்து ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கிய கொழும்புக் குடும்பத்திடம், அந்த வீட்டில் சுவர் ஈரம் கசிகிறது, மின்தூக்கி வேலை செய்யவில்லை, விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பாருங்கள். போகமாட்டார்கள். முனி இருக்கிறது என்றாலும், ஐயரைக் கூப்பிட்டு ஒரு சாந்தி செய்துவிட்டு இருப்பார்களே தவிரப் போகமாட்டார்கள். இந்தக் கண்ணோடு பார்த்தால், கடிகாரங்கள் எல்லாம் அதிகாலை 3.07க்கு நின்றுபோவதைக் கண்டும் அந்தக் குடும்பம் காலையில் எழுந்து வழமைபோல உணவருந்துவது மூடத்தனமாகத் தோன்றாது.

'உண்மைக் கதை' என்னும் பேச்சு

படம் உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. முடிந்த பிறகு இதைப் பற்றி வாக்குவாதம் எழும். அதற்குப் பயன்படும் சில செய்திகளைத் தருகிறேன். பெரோன் என்னும் குடும்பம் 1971இல் அங்கே குடியேறியது உண்மை. படத்தில் இக்குடும்பத்துக்கு உதவ வரும், பேய்களை ஆராய்ந்த எட் வாரனும் லொரேன் வாரனும் உண்மையான தம்பதி. எட் 2006இலும் லொரேன் 2019இலும் காலமானார்கள். ஆனால் படத்தில் எல்லாம் குறுகிய காலத்தில் நடந்து தீர்ந்துவிடுகிறது. உண்மையான குடும்பமோ பொருள்நெருக்கடியால் 1980 வரை அதே வீட்டில் இருந்தது. திரையில் நாம் காணும் வீடும் அதுவன்று. படப்பிடிப்பு நடந்தது வட கரோலினாவில். படத்தில் வாரன் தம்பதி கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்திருக்கும், பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் அனபெல் பொம்மையும் உண்மையில் செந்நிற நூல்முடி கொண்ட துணிப் பொம்மை.

அந்த வீட்டுப் பேயாக வரும் பத்சேபா ஷெர்மன் என்னும் பெண்ணைப் படம் சூனியக்காரியாகக் காட்டி, 1863இல் தூக்கிட்டு மாண்டதாகச் சொல்கிறது. அப்பெயருடைய பெண் அப்பகுதியில் வாழ்ந்து 1885இல் இறந்தவர். அவர் சூனியம் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. அவருக்கு உறவினராகப் படம் குறிப்பிடும் மேரி ஈஸ்டி, 1692இல் அமெரிக்காவின் சேலம் என்னும் ஊரில் நடந்த சூனிய வழக்கு விசாரணைகளில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுத் தூக்கிலிடப்பட்டவர். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருத்தியின் பெயரைத் தீமையின் வம்சாவளிக்குப் பயன்படுத்தியிருப்பது இப்படத்தில் எனக்கு ஏற்புடையதாக இல்லாத ஒன்று. இதைப் படம் முடிந்த பிறகு இளையவர்களுக்குச் சொல்லுங்கள்; நடுவில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க நண்பர்கள் வந்திருந்தால், அவர்கள் வேறொன்றைச் சுட்டிக்காட்டக்கூடும்: பேயோட்டும் சடங்கைத் திருச்சபையின் விதிப்படி ஆயரின் அனுமதி பெற்ற குரு ஒருவரே நடத்தலாம். படத்தில் அனுமதி வருவதற்குள் நிலைமை கைமீறிப்போவதால், குருவல்லாத எட் வாரன் தாமே அதைத் தொடங்குகிறார். விபூதி போட்டு நூல் கட்டும் வழக்கத்தை அறிந்த நமக்கு யார் செய்தால் என்ன என்று தோன்றலாம்; கதையிலோ அந்த விதிமீறலே பதற்றத்தின் ஒரு பகுதி.

முடிந்த பின்

பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியவுடன் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். வாரன் தம்பதியின் பழைய ஒளிப்படங்களும் குடும்பத்தின் ஒளிப்படங்களும் அங்கே வருகின்றன. அதன் பிறகு விளக்கையும் விசிறியையும் போட்டுத் தேநீர் கொடுங்கள். இருட்டில் மறைந்திருந்து கைதட்டும் வேடிக்கையை யாராவது ஒருவர் செய்தே தீருவார். முதியவர்கள் இருக்கும் வீட்டில் அதை முன்பே தடைசெய்து வையுங்கள்.

படம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று அறிய விரும்புவோர், மறுநாட் பகலில் கிறிஸ்டீனின் காட்சியையும் கைதட்டற் காட்சியையும் முதலில் ஒலியின்றியும், பின்னர் திரையைப் பாராமல் ஒலியோடு மட்டும் கேட்டும் ஒப்பிடலாம். அடுத்த சனிக்கிழமைக்கு 2016இல் வந்த இரண்டாம் பாகத்தை வைத்துக்கொள்ளலாம். அது 1970களின் பிற்பகுதியில் இலண்டனின் என்ஃபீல்ட் பகுதியில், ஒரு தாயும் பிள்ளைகளும் வாழும் சிறிய அரசாங்க வீட்டில் நடப்பது. 134 நிமிடம் ஓடுவதால், எட்டு மணிக்கே தொடங்கினால்தான் விருந்தினர் நேரத்துக்கு வீடு போய்ச் சேருவார்கள்.